டாம்பரே நாட்குறிப்பு: அப்பாவின் மூன்று கிலோ குண்டு

முதல் நாள், ஹெல்சிங்கி

35 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கான உலக மாஸ்டர்ஸ் தடகளப் போட்டி இந்த 2022-இல் பின்லாந்தின் டாம்பரே நகரத்தில் நடக்கிறது. ஜூன் 29-இல் தொடங்கி ஜூலை 10 வரை. அப்பா குண்டு எறிதலிலும் வட்டு எறிதலிலும் பெயர் கொடுத்திருக்கிறார். வயது 86. 85 முதல் 89 வரையிலான பிரிவு. கூட வந்திருக்கும் நான் முடிந்தவரை தினமும் எழுதிப் போடுகிறேன்.

விமானம் இறங்கியதும் ரயிலைப் பிடித்து நேரே டாம்பரே போய்விடலாம் என்றுதான் இருந்தேன். அப்பா கேட்கவில்லை. "ஹெல்சிங்கி வரைக்கும் வந்துட்டு ஸ்டேடியத்தைப் பாக்காமப் போறதா?" என்றார். பெட்டிகளை நிலையத்தில் பூட்டி வைத்துவிட்டு டிராமில் போனோம்.

1952 ஒலிம்பிக் நடந்த அரங்கம். அப்போது அப்பா பொன்மலையில் பள்ளிக்கூடப் பையன். ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் பெரியவர்கள் பேப்பரைச் சத்தமாக வாசிப்பார்களாம், இவர் ஓரமாக நின்று கேட்பாராம். மல்யுத்தத்தில் கே.டி. ஜாதவ் வெண்கலம் வாங்கிய சேதி அப்படித்தான் காதில் விழுந்திருக்கிறது. சுதந்திர இந்தியாவுக்குத் தனிநபர் போட்டியில் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. 5000 மீட்டர், 10000 மீட்டர், மராத்தான் மூன்றிலும் எமில் சாட்டோபெக் தங்கம் வாங்கியதும் இங்கேதான். அந்த வரிசையை அப்பா இன்றும் தடுமாறாமல் சொல்கிறார்.

வாசலில் பின்லாந்தின் பழைய ஓட்ட வீரர் பாவோ நூர்மி ஓடுகிற கோலத்தில் சிலையாக நிற்கிறார். அரங்கத்தை ஒட்டி வெள்ளை வெளேர் என்று ஒரு கோபுரம். அதன் உயரம் 72.71 மீட்டர். 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பின்லாந்தின் மட்டி யார்வினென் ஈட்டி எறிந்து தங்கம் வாங்கிய தூரமும் அதே 72.71. ஓர் எறிதலின் தூரத்தை அப்படியே நிமிர்த்திக் கட்டிடமாக்கி வைத்திருக்கிறார்கள். அப்பா கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். எறிகிறவர்களை மதிக்கிற ஊர் என்று அவருக்கு அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது.

இரண்டாம் நாள், டாம்பரே

ரயிலில் இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. வழியெல்லாம் பிர்ச் மரங்களும் ஏரிகளும். அறையில் ஜன்னலுக்குக் கனமான கறுப்புத் திரை போட்டிருக்கிறார்கள். ஏன் என்று ராத்திரிதான் புரிந்தது. பதினோரு மணிக்கும் வெயில். "பொழுது சாயவே மாட்டேங்குதே, எப்பம்மா தூங்குறது?" என்று அப்பா கேட்டார். திரையை இழுத்து மூடி, ரசம் சாதம் கொடுத்துப் படுக்க வைத்தேன். குட்டி ரைஸ் குக்கர், பருப்புப் பொடி, ரசப்பொடி, எலுமிச்சை ஊறுகாய் எல்லாம் ஊரிலிருந்தே வந்திருக்கின்றன.

காலையில் பதிவு. கழுத்தில் தொங்கவிட அட்டை, முதுகிலும் நெஞ்சிலும் குத்த எண்கள். இந்த விளையாட்டுக்கு அடிப்படையே பிறந்த தேதிதான் என்பதால் பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். 35 வயதிலிருந்து ஐந்தைந்து வருடமாகப் பிரிவுகள். 35 முதல் 39, 40 முதல் 44 என்று ஏறி, நூறைத் தாண்டியும் போகிறது. 1960-களில் அமெரிக்காவின் சான் டியேகோவில் டேவிட் பெய்ன் என்ற வழக்கறிஞர் நடுவயதுக்காரர்களுக்கென்று தனி ஓட்டங்கள் வைக்கத் தொடங்கினார். அது வளர்ந்து 1975-இல் டொராண்டோவில் முதல் உலகப் போட்டி நடந்தது. இப்போது இந்தச் சின்ன ஊருக்கு நாலாயிரம் பேருக்கு மேல் வந்திருக்கிறார்கள்.

பிறந்த தேதி விஷயத்தில் அப்பாவுக்கு ஓர் உறுத்தல் உண்டு. பாஸ்போர்ட்டில் 1936 ஜூன். நிஜத்தில் அவர் பிறந்தது அந்த வருடம் ஐப்பசியில். பள்ளியில் சேர்க்க வயது போதவில்லை என்று வாத்தியார் சில மாதங்களைக் கூட்டி எழுதிவிட்டார். நம் ஊரில் அந்தத் தலைமுறையில் பாதிப் பேருக்கு இதே கதைதான். மற்றவர்களுக்கு அது ரிட்டயர்மென்ட் தேதியை முன்னே தள்ளியதோடு முடிந்தது. இவர் வேறு கணக்குப் போடுகிறார். "தொண்ணூறு பிரிவுக்கு நான் அஞ்சு மாசம் முன்னாடியே போயிடுவேன். அது நியாயமில்லைல்ல?" இந்தப் போட்டியைப் பொறுத்தவரை எந்தத் தேதியை வைத்தாலும் அதே பிரிவுதான் என்று சொன்ன பிறகுதான் நிம்மதியாகப் பதிவுக்கு வரிசையில் நின்றார்.

இந்தத் தேதிப் பிரச்சினையில் நிஜமாகவே இழந்தவர் ஃபௌஜா சிங். பாஸ்போர்ட் கணக்கில் 1911 ஏப்ரல் 1-இல் பிறந்தவர். 2011-இல் டொராண்டோவில் நூறு வயதில் முழு மராத்தானை எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்து முடித்தார். 42 கிலோமீட்டர். ஆனாலும் கின்னஸ் அதை ஏற்கவில்லை. பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். 1911-இல் பஞ்சாப் கிராமத்தில் யார் பிறப்பைப் பதிந்தார்கள்? ஓடிய தூரத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை, பிறந்த நாளைப் பற்றித்தான் சந்தேகம். எனக்கு இன்னும் அது ஆறவில்லை.

செலவைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். முழுக்க எங்கள் கைக்காசு. டிக்கெட், விசா, பதிவுக் கட்டணம், பனியன் எல்லாமே. மாஸ்டர்ஸ் வீரர்கள் பெரும்பாலும் சொந்தப் பணத்தில்தான் வருகிறார்கள். ஒரு நிறுவனத்தில் உதவி கேட்டுப் போனபோது, "இந்த வயசுல தாத்தா வீட்டுல ரெஸ்ட் எடுக்கலாமே" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அப்பா எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தார். பஸ்ஸில் வீடு வரும்வரை வாய் திறக்கவில்லை.

மூன்றாம் நாள்

போட்டிகள் ஒரே இடத்தில் நடக்கவில்லை, ஊருக்குள் பிரித்து வைத்திருக்கிறார்கள். முக்கிய அரங்கம் ரட்டினா, தண்ணீர் ஓரத்திலேயே இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் அப்பா கேட்டது, "ஹிமா தாஸ் ஓடினது இந்த டிராக்தானே?" ஆமாம். 2018 ஜூலை 12, இருபது வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டி, 400 மீட்டர், 51.46 வினாடி. கடைசி நேர்க்கோட்டில் பின்னாலிருந்து வந்து அந்த அசாம் பெண் எல்லோரையும் தாண்டியதை வீட்டில் டிவியில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறோம். கடைசி வளைவு முடியும் இடத்துக்கு நேராகத் தேடிப் போய் உட்கார்ந்தார்.

டிராமில் அப்பாவின் நீலச் சட்டையில் இந்தியா என்று இருப்பதைப் பார்த்து ஒரு பெரியவர் "நீரஜ்!" என்றார். போன மாதம் இதே நாட்டில் துர்க்கு நகரத்தில் நீரஜ் சோப்ரா ஈட்டியை 89.30 மீட்டர் எறிந்தார். அன்று முதலிடம் பின்லாந்தின் ஒலிவர் ஹெலாண்டருக்கு, 89.83. பெரியவர் அந்த இரண்டு எண்களையும் விரலால் கண்ணாடியில் எழுதிக் காட்டினார். ஜூன் 30-ஆம் தேதி இரவு ஸ்டாக்ஹோமில் நீரஜ் 89.94 போட்டதை நான் பதிலுக்கு எழுதினேன். அப்பா இரண்டு பேரையும் பார்த்துத் தலையாட்டினார். மூன்று பேருக்கும் பொதுவான பாஷை என்று ஒன்றும் இல்லை. நாலு நிறுத்தம் தாண்டியும் பேச்சு ஓயவில்லை.

அப்புறம் ஒரு மருத்துவ விஷயம், இங்கே வர நினைக்கிற பெரியவர்களுக்காக. மாஸ்டர்ஸ் போட்டியிலும் ஊக்கமருந்துச் சோதனை உண்டு. ரத்த அழுத்த மாத்திரைகள் பலவற்றில் சிறுநீரைக் கூட்டும் மருந்தும் சேர்ந்திருக்கும், ஹைட்ரோகுளோரோதயசைடு மாதிரி. அது தடைப் பட்டியலில் இருக்கிறது. அப்பா போட்டுக்கொண்டிருந்ததும் அதுதான். டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி வேறு மாத்திரைக்கு மாறி, அது ஒத்துக்கொள்கிறதா என்று சில மாதம் பார்த்துவிட்டுத்தான் வந்தோம். மாற்ற முடியாதவர்கள் முறைப்படி விலக்குக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். இதை யாரும் தாமாக வந்து சொல்லமாட்டார்கள்.

நான்காம் நாள், குண்டு எறிதல்

இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன்.

ஆண்களுக்கான பொதுப் பிரிவில் குண்டின் எடை 7.26 கிலோ. அந்தக் காலத்துக் கணக்கில் பதினாறு பவுண்டு. ரயில்வே போட்டிகளில் அப்பா எறிந்தது அதைத்தான். மாஸ்டர்ஸில் ஐம்பது வயதுக்கு ஆறு கிலோ, அறுபதுக்கு ஐந்து, எழுபதுக்கு நான்கு, எண்பதைத் தாண்டினால் மூன்று. குண்டு மட்டும்தான் குறைகிறது. வட்டம் அதே 2.135 மீட்டர், முன்னால் அதே வெள்ளை நிறுத்துப் பலகை, அதே விதிகள்.

போட்டிக்கு முன்னால் ஓர் அறையில் வீரர்களைக் கூட்டி எண், காலணி, பை எல்லாவற்றையும் சரி பார்க்கிறார்கள். துணைக்கு வந்தவர்களுக்கு அங்கே அனுமதி இல்லை. கதவு வரைக்கும் போனேன். அப்பா என் கையில் கண்ணாடிக் கூட்டைக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

வரிசையாக வெளியே வந்தார்கள். ஒருவருக்கு இடுப்பு மாற்று அறுவை செய்த நடை. இன்னொருவர் காதுக் கருவியைக் கழற்றித் துணியில் சுற்றிப் பையில் வைத்தார். ஆனால் வட்டத்துக்குள் கால் வைத்ததும் எல்லோரும் வேறு ஆளாகிவிடுகிறார்கள். ஒரு பின்லாந்துக்காரர், அவருக்கும் எண்பத்தைந்துக்கு மேல்தான், எறியும் திசைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்றார். இடது காலைப் பின்னால் ஓர் உதை, வலது கால் தரையை ஒட்டிச் சறுக்கி வட்டத்தின் நடுவுக்கு வந்தது, இடுப்பு திரும்பியது, அப்புறம்தான் கை. வயது முகத்தில் இருந்ததே தவிர, அந்த அசைவில் எங்கேயும் இல்லை.

அப்பாவின் முதல் எறி 7.08. விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே வட்டத்தின் பின்பக்கமாக ஒழுங்காக வெளியே வந்தார். பரவாயில்லை, கணக்கில் ஒன்று ஏறிவிட்டது.

இரண்டாவது நன்றாகப் போனது. ஏழரைக்குப் பக்கத்தில் விழுந்த மாதிரிதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் எறிந்த வேகத்தில் வலது கால் பலகையின் மேல் ஏறிவிட்டது. சிவப்புக் கொடி. பார்வையாளர்கள் பலமாகக் கை தட்டினார்கள். ஒருவர் எழுந்து நின்று தட்டினார். பாவம், அவர்களிடம் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அப்பா முகம் சிவந்துவிட்டது. கம்பித் தடுப்புக்குப் பக்கத்தில் வந்து என்னிடம் கேட்டார்: "ஃபவுலுக்கு எதுக்கும்மா கை தட்டுறாங்க?"

பல வருடங்களாக அவருக்கு இருக்கும் ஒரே மனக்குறை இதுதான். ஊரில் மாலை போட்டு மேடையில் உட்கார வைப்பார்கள். "இந்த வயதிலும்!" என்று ஆரம்பிப்பார்கள். எத்தனை மீட்டர் எறிந்தார் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் என்ன சாப்பிடுகிறீர்கள், எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். போன தடவையைவிடப் பத்து சென்டிமீட்டர் குறைந்தது ஏன் என்று கேட்டிருந்தால் அரை மணி நேரம் சொல்லியிருப்பார். எறிந்த குண்டை அளக்காமல் எறிந்த ஆளுக்குக் கை தட்டினால் அது அவருக்குக் குழந்தையைக் கொஞ்சுகிற மாதிரிதான் படுகிறது. அவர் பக்கம்தான் நியாயம் என்று எனக்கும் எப்போதோ புரிந்துவிட்டது.

மூன்றாவது எறிக்கு முன்னால் துண்டை எடுத்துக் கையையும் குண்டையும் நிதானமாகத் துடைத்தார். கழுத்து எலும்புக்கு மேலே பள்ளத்தில் குண்டை வைத்து அழுத்தினார். தாடை அதன்மேல் சாய்ந்தது. மூச்சை இழுத்து நிறுத்தி, ஓர் 'ஹா' சத்தத்தோடு எறிந்தார். பலகைக்கு ஒரு விரற்கடை முன்னால் கால் நின்றது. வெள்ளைக் கொடி. நாடாவை இழுத்தார்கள். 7.31.

இந்த வருடத்தில் அவர் எறிந்ததில் அதிகம் இதுதான். முதல் எட்டு பேருக்குத்தான் மேலும் மூன்று வாய்ப்பு, அதில் இடம் கிடைக்கவில்லை. வெளியே வந்ததும், "ஏழு முப்பத்தொண்ணு. சரியா அளந்தாங்க" என்றார். சாயங்காலம் முழுவதும் நல்ல மனநிலை.

ஐந்தாம் நாள்

ஓய்வு நாள். அப்பாவுக்கு வலது முட்டியில் லேசான வீக்கம், ஐஸ் வைத்தோம். மத்தியானம் மெதுவாக ஊரைச் சுற்றினோம்.

டாம்பரே இரண்டு ஏரிகளுக்கு நடுவில் இருக்கிறது. வடக்கே நாசியார்வி, தெற்கே பூஹாயார்வி. வடக்கு ஏரி பதினெட்டு மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஊருக்கு நடுவே ஆறு பாய்ந்து இறங்குகிறது. அந்த நீர் வேகத்தை நம்பி 1820-இல் ஜேம்ஸ் ஃபின்லேசன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இங்கே பட்டறை போட்டார். அது பெரிய பஞ்சாலையாக வளர்ந்தது. 1882-லேயே அந்த ஆலையில் மின்விளக்கு எரிந்தது. செங்கல் கட்டிடங்கள் அப்படியே நிற்கின்றன. பொன்மலைப் பட்டறையில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்த மனிதரை அங்கிருந்து கிளப்ப ரொம்ப நேரம் ஆனது. பூனிக்கி மலையின் பழைய கோபுரத்துக் கடையில் சுடச்சுட ஒரு டோனட் கொடுக்கிறார்கள், ஏலக்காய் வாசனையோடு. அப்பா இரண்டு சாப்பிட்டார். ஊரின் பேர்போன ரத்தத் தொத்திறைச்சியை நாங்கள் தொடவில்லை.

திரும்பும் வழியில் பயிற்சித் திடலில் நேற்றைய பின்லாந்துக்காரர் தனியாக நின்றிருந்தார். அப்பா நேரே அவரிடம் போய்விட்டார். முட்டி வீக்கமெல்லாம் மறந்து போயிற்று. தன் வலது பாதத்தைக் காட்டி, அவருடைய பாதத்தைக் காட்டி, எப்படி என்று சைகையில் கேட்டார். அவர் குனிந்து அப்பாவின் குதிகாலைப் பிடித்து உள்பக்கமாகத் திருப்பி வைத்தார். அப்பாவின் பாதம் சறுக்கி முடிக்கும்போது பின்னாலேயே பார்த்துக்கொண்டு நின்றுவிடுகிறதாம். அதனால் இடுப்பு திரும்பத் தாமதமாகிறது. பாதம் முதலிலேயே திரும்பி இறங்கினால் இடுப்பு தானாக வரும். குண்டு இல்லாமல், வெறுங்கையோடு, இரண்டு கிழவர்களும் அந்த ஒரு அசைவைச் செய்துகொண்டே இருந்தார்கள். அறுபது வருடமாகக் குண்டு எறிகிறவர், இன்றைக்குத்தான் இது தெரிந்தது என்று ராத்திரி சொன்னார். அதில் வருத்தம் கொஞ்சமும் இல்லை. எப்போது ஊருக்குப் போய் எறிந்து பார்க்கலாம் என்ற அவசரம்தான் இருந்தது.

ஜப்பானின் ஹிடேகிச்சி மியாசாகியைப் பற்றி அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். 105 வயதில், 2015-இல், கியோட்டோவில் 100 மீட்டரை 42.22 வினாடியில் ஓடினார். உலகமே கொண்டாடியது. அவரோ நிருபர்களிடம், நேரத்தில் திருப்தியில்லை, இவ்வளவு மெதுவாக ஓடுகிறேனே என்று ஓடும்போதே கண்ணீர் வந்துவிட்டது என்றார். அப்பா படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, "பாத்தியா" என்றார்.

ஆறாம் நாள், ரட்டினா

பார்வையாளர்களாக மட்டும் போன நாள்.

எண்பதைத் தாண்டியவர்களின் தடை ஓட்டத்தைப் பார்க்காதவர்கள் நம்பமாட்டார்கள். 80 மீட்டர், தடைகளின் உயரம் 68.6 சென்டிமீட்டர், ஏறக்குறைய நம் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குச் சற்றுக் கீழே. ஒவ்வொன்றையும் கால் தூக்கித் தாண்டி, தரையிறங்கி, நடையளவு மாறாமல் அடுத்ததற்கு வர வேண்டும். விழுந்தால் இடுப்பு எலும்பு. இந்தப் பிரிவில் வெண்கலம் வாங்கியிருப்பவர் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர்: கேரளத்தின் எம்.ஜே. ஜேக்கப், பிறவம் தொகுதியின் முன்னாள் எம்எல்ஏ, வயது 81. 200 மீட்டர் தடை ஓட்டத்திலும் அவருக்கு வெண்கலம்.

வயதானால் வேகம் ஏன் குறைகிறது என்பதற்குக் காரணம் தெரிந்ததுதான். வேகமாகச் சுருங்கும் தசைநார்கள்தான் முதலில் மெலிகின்றன, அவற்றை இயக்கும் நரம்புகளும் குறைகின்றன. எழுபதைத் தாண்டினால் இறக்கம் செங்குத்தாகிறது. நெடுந்தூரம் ஓடுவது, நடப்பது ஓரளவு தாக்குப்பிடிக்கும். வெடித்துக் கிளம்புவதுதான் கைவிட்டுப் போகும். அதனால்தான் தொண்ணூறு வயதில் 100 மீட்டர் என்பது எனக்கு மராத்தானைவிடப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

அந்த 100 மீட்டரில் நமக்குத் தங்கம். ஹரியானாவின் பகவானி தேவி, வயது 94, தொண்ணூறு பிரிவு, 24.74 வினாடி. குண்டிலும் வட்டிலும் வெண்கலம் வேறு. பேரன் விகாஸ் டாகர் பாரா தடகள வீரர், பாட்டியைப் பயிற்சிக்கு இழுத்து வந்தவர் அவர்தான். ஊரிலிருந்து வாட்ஸப்பில் வந்து குவியும் செய்திகளில் "94 வயதிலும் ஓடிய பாட்டி" என்றுதான் இருக்கிறது. நான் அந்த 24.74-ஐப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மணிக்குச் சுமார் பதினான்கரை கிலோமீட்டர் வேகம். காலையில் பூங்காவில் நடக்கிற நாற்பது வயதுக்காரர்கள் ஒரு தடவை கடிகாரம் வைத்து ஓடிப் பார்க்கட்டும். அப்பாவிடம் நேரத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, காற்று பின்னாலிருந்தா முன்னாலிருந்தா என்பது.

நம் நாட்டுப் பாட்டிகளின் வரிசையே தனி. மன் கௌர் ஓடத் தொடங்கியது 93 வயதில். 2017-இல் ஆக்லாந்தில், 101 வயதில், 100 மீட்டரை 74 வினாடி சொச்சத்தில் முடித்தார். போன வருடம் ஜூலை 31-இல் 105 வயதில் காலமானார். போன மாதம்தான் வதோதராவில் ஹரியானாவின் ராம்பாய், 105 வயதில், 45.40 வினாடியில் ஓடியிருக்கிறார். போலந்தின் ஸ்தானிஸ்லாவ் கோவால்ஸ்கி 105 வயதில் 34.50 வினாடியில் ஓடினார், அதே நாளில் குண்டும் வட்டும் எறிந்தார். இந்த ஏப்ரலில் 111 வயதில் போய்விட்டார். இந்த எண்களை அப்பா ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். பெயர், வயது, தூரம் அல்லது நேரம். அடைமொழி எதுவும் கிடையாது.

இன்னொன்றும் கவனித்தேன். வெளியே எல்லோரும் வயது ஏறுவதைப் பற்றிக் குறைபட்டுக்கொள்கிறார்கள். இங்கே வரிசையில் என் முன்னால் நின்ற ஆஸ்திரேலியப் பெண்மணி ஒருவர் அடுத்த மார்ச்சில் எண்பது ஆகப்போகிறது என்று ஆசை ஆசையாகச் சொன்னார். புதிய பிரிவில் அவர்தானே இளையவர்! 79 வயதில் 75 வயதுக்காரிகளோடு ஓடுவது எவ்வளவு கஷ்டம் என்று விளக்கினார். நான்கு வருடம் அந்த வயதில் எவ்வளவு பெரியது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கடைசி நாள், வட்டு எறிதல்

மழைத் தூறல். வட்டம் ஈரம், துடைத்துத் துடைத்துக் கொடுத்தார்கள். அறுபதுக்கு மேல் ஆண்களுக்கு வட்டு ஒரு கிலோ. தூறலில் விரல் நுனியிலிருந்து அது வழுக்கிவிடும். அப்பா சுழலாமல் நின்ற நிலையிலேயே எறிந்தார். முட்டியை யோசித்து நேற்றே எடுத்த முடிவு.

முதலாவது வலையில் பட்டது. இரண்டாவது 14.86. மூன்றாவது 15.42. ஊரில் இதைவிட நன்றாக எறிந்திருக்கிறார். வெளியே வந்து, "கை முன்னாடியே திறந்துடுச்சு" என்றார். ஆமாம்ப்பா, எனக்கும் தெரிஞ்சுது என்றேன். சும்மா பொய்யாகப் பாராட்டாமல் இருந்ததில் அவருக்குத் திருப்தி. வட்டு கையை விட்டுப் போகும் கோணத்தைப் பற்றி விடுதி வரை பேசிக்கொண்டே வந்தார்.

நிறையப் பேர் தங்கள் அப்பா அம்மாவைச் சேர்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். உங்கள் மாவட்டத்தில் மாஸ்டர்ஸ் தடகளச் சங்கம் இருக்கிறதா என்று விசாரியுங்கள், மாவட்டப் போட்டியிலிருந்து மாநிலம், தேசியம் என்று போகலாம். வயதுச் சான்று இப்போதே தயாராகட்டும். இதய மருத்துவரிடம் முழுப் பரிசோதனை செய்யாமல் ஓடவிட வேண்டாம். மாத்திரைப் பட்டியலை டாக்டரோடு உட்கார்ந்து தடைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். முதல் ஆறு மாதம் நடையும் கால் பலத்துக்கான பயிற்சியும் போதும், எறிவதும் ஓடுவதும் அப்புறம். அவர்கள் போட்டிக்குப் போய் வந்ததும், தயவுசெய்து, எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று முதலில் கேளுங்கள்.

நாளைக் காலை ஏழரைக்கு ரயில். அப்பாவின் அடுத்த போட்டி மாநில அளவில், அதற்குள் அந்தப் பாதத் திருப்பம் படிந்துவிட வேண்டுமாம். 7.50 என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார்.